ஒரே செடிதானே, ஊருக்கு ஊர் டீயின் சுவை ஏன் மாறுகிறது?

எல்லாம் ஒரே தேயிலைச் செடி என்றால் அஸ்ஸாம், டார்ஜிலிங், நீலகிரி டீக்குள் ஏன் இத்தனை வித்தியாசம், மண்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண்ணுக்கும் பங்கு உண்டு. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஆனால் என்னைக் கேட்டால், கொழுந்து எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதுதான் முதல் காரணம். அதை முடிவு செய்வது உயரமும் மழையும் காற்றும்.

அஸ்ஸாம் தோட்டங்கள் பிரம்மபுத்திரா சமவெளியில் இருக்கின்றன. வெக்கையும் ஈரமும் சேர்ந்து இலை மளமளவென்று தழைக்கும். ரகமும் பெரிய இலை ரகம். அதனால் நிறமும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். பால் ஊற்றினாலும் அடங்காது. டார்ஜிலிங்கில் தோட்டங்கள் 2000 மீட்டர் வரை ஏறுகின்றன. அங்கே பெரும்பாலும் சிறிய இலைச் சீன ரகம். குளிரில் கொழுந்து மெல்லத்தான் வரும், அதற்குள் மணம் சேர்ந்துவிடும். மே, ஜூன் பறிப்பில் வரும் திராட்சை மணத்துக்கு ஒரு சின்னப் பச்சைத் தத்துப்பூச்சியும் காரணம். அது கொழுந்தில் சாறு உறிஞ்சும்போது செடி தற்காப்புக்காகச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது எங்கள் மலையை வைத்துத்தான். திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதில் உருவான தோட்டங்கள். எங்கள் ஆச்சி அங்கே கொழுந்து எடுத்தவர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் இடம் அது. மழைக்காலத்தில் கூடை சீக்கிரம் நிறையும், டீ மட்டும் சப்பென்று இருக்கும். "எய்யா, மழைக் கொழுந்துல தண்ணிதான். தை பொறந்து பனி விழட்டும், அப்ப மோந்து பாரு" என்பார். மலை வெயிலில் காய்ந்து இரவில் குளிரும் மாதங்களில் கொழுந்து கொஞ்சமாகத்தான் வரும். அந்த இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பூவாசனை வரும். நீலகிரியிலும் டிசம்பர், ஜனவரிப் பனிக்காலத் தேயிலைக்கு மவுசு அதிகம். 2024-இல் மாஞ்சோலையில் கொழுந்து எடுப்பது நின்றுபோனது. அந்தத் தை மாத டீ இனிக் கிடைக்காது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி வறண்டு வந்து கயத்தாறில் காற்றாலைகளைச் சுற்றுகிறதே, அதே தென்மேற்குக் காற்றுதான் இலங்கையிலும் இதே வேலையைச் செய்கிறது. மேற்குச் சரிவான திம்புளையில் மழை. மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று. ஊவா டீக்குப் பேர் வாங்கித் தந்த மணம் அந்த மாதங்களில் வருவதுதான். திம்புளையின் நல்ல பறிப்பு ஜனவரிக்கு மேல். ஒரே தீவு, நடுவில் மலை, அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் நம் ஊர் டீக்கடையில் ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது? அங்கே போடுவது சிடிசி டஸ்ட், அதாவது எந்திரத்தில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் பொடித் தூள். பல தோட்டத்துத் தூளைக் கலந்து, பாலுக்குத் தாங்குகிற மாதிரி தயாரிப்பது. நல்ல டீதான், நானும் தினமும் குடிக்கிறேன். ஆனால் அதில் இடத்தின் குணம் தெரியாது.

தெரிய வேண்டுமானால் ஒரே தோட்டத்து இலைத் தேயிலையாக வாங்குங்கள். கொதித்த தண்ணீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடி வைத்து, பால் சேர்க்காமல் குடியுங்கள். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து அதிகமானால் மேலே படலம் கட்டி மணம் மங்கிவிடும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதிலேயே போடலாம்.