எந்த வடிவம்? – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வைரஸ்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துபவள் நான். “வைரஸின் வடிவம் தெரிந்துவிட்டால் தடுப்பூசிக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி” என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் எச்ஐவிக்கு ஏன் இன்னும் தடுப்பூசி இல்லை? அதன் வெளிப்புரதத்தை அணு அணுவாக வரைந்து வைத்திருக்கிறார்களே?

இன்னொன்று. என் அப்பாவுக்குக் கோவிட் வந்து, காய்ச்சல் இருமல் எல்லாம் விட்டு, மூன்று வாரம் கழித்தும் ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ் என்றே வந்தது. இல்லாத வைரஸை இருப்பதாகச் சொல்லும் பரிசோதனையை எப்படி நம்புவது?

கடைசியாக, வைரஸ்களே உயிரித்தொழில்நுட்பத்துக்குக் கருவிகள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அது ஆய்வக அளவில் நடப்பதா, நிஜமாகவே புழக்கத்தில் இருக்கிறதா? பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

வடிவம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்ற அந்த வரியை இப்போதும் மாற்ற மாட்டேன். ஆனால் எந்த வடிவம் என்பதை விரித்துச் சொல்லியாக வேண்டும். பாடப்புத்தகப் படங்களில் வைரஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் பல வைரஸ்களின் வெளிப்புரதங்கள் செல்லுக்குள் நுழையும் நேரத்தில் அடியோடு உருமாறிவிடுகின்றன. தடுப்பூசிக்கு வேண்டியது உருமாறுவதற்கு முந்தைய வடிவம். ஆய்வாளர்கள் கையில் நெடுங்காலம் சிக்கிக்கொண்டிருந்தது பிந்தையது.

முதலில், வடிவ விஷயத்தில் அவ்வளவு தொல்லை தராத வைரஸ்கள். 1935இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலை மொசைக் வைரஸைப் படிகமாக்கிக் காட்டினார். நோய் பரப்பும் ஒன்று உப்பைப் போலப் படிகமாகும் என்பதை அன்று பலரால் ஜீரணிக்க முடியவில்லை. படிகமாகிறது என்றால் ஒவ்வொரு துகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது என்று பொருள். பிற்பாடு எக்ஸ்-கதிர் ஆய்வுகளில், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் குழுவின் பங்கோடு, அதன் கட்டுமானம் தெளிவானது: 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் விட்டமும் கொண்ட குழல். நடுவில் சுமார் 6,400 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ. அதைச் சுற்றித் திருகாக அடுக்கப்பட்ட ஒரே புரதத்தின் 2,130 பிரதிகள். இத்தனை சின்ன மரபணுத் தொகுதியால் விதவிதமான புரதங்களுக்குக் குறிப்பு எழுத முடியாது. ஒன்றையே திரும்பத் திரும்ப அடுக்குவதுதான் அதற்குக் கட்டுப்படியாகும்.

1955இல் ஃபிராங்கெல்-கான்ராட்டும் ராப்ளி வில்லியம்ஸும் இந்த வைரஸைப் புரதமாகவும் ஆர்என்ஏவாகவும் பிரித்து, மறுபடியும் கலந்தார்கள். குழல்கள் தாமாகவே கூடின, இலையில் நோயையும் உண்டாக்கின. ஆக, எப்படி அடுக்கிக்கொள்வது என்ற விவரம் புரதத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து கொத்தனார் தேவையில்லை.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்தக் குணத்தின்மீது நிற்பதுதான். அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈஸ்டுக்குள் வைத்தால், ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் செய்து தருகிறது. அது தானே கூடி 22 நானோமீட்டர் அளவில் உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. உள்ளே மரபணு கிடையாது, அதனால் பெருக வழியே இல்லை. ஆனால் நம் நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணுக்கு அது வைரஸேதான். 1986இல் இந்தத் தடுப்பூசி அனுமதி பெற்றது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியும் இதே வழிதான். எல்1 என்ற புரதத்தின் 360 பிரதிகள் கூடிய வெறும் கூடு அது. என் வரி சிக்கலில்லாமல் பொருந்துவது இந்த மாதிரி வைரஸ்களுக்கு.

இனி சிக்கலுக்கு வருவோம். ஆர்எஸ்வி என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்குவது. 1966இல் அமெரிக்காவில் இந்த வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். போலியோவுக்குப் பலித்த வழிதானே! விளைவு நேர்மாறாக இருந்தது. அடுத்து ஆர்எஸ்வி தொற்று வந்தபோது, தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் தொற்றியவர்களில் 80 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒப்பீட்டுக் குழுவில் அது 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆர்எஸ்வி தடுப்பூசி என்றாலே எல்லோரும் தயங்கினார்கள்.

என்ன நடந்தது? இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய எஃப் என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. அது விசை ஏற்றி வைத்த எலிப்பொறி மாதிரி. செல்லின் சவ்வை அடைந்ததும் விடுபட்டு, நீண்டு, மடங்கி, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்துவிடும். ஒருமுறை விடுபட்டால் திரும்ப விசையேறாது. சிக்கல் என்னவென்றால், செல் எதுவும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சும்மா வைத்திருக்கும்போதே அது விடுபட்டுவிடும். அந்தத் தடுப்பூசியில் இருந்த எஃப் புரதம் பெரும்பாலும் விடுபட்டு முடிந்த நிலையில்தான் இருந்தது என்று பிற்காலத்தில் தெரிந்தது. குழந்தைகளின் உடல் அந்தப் பிந்தைய வடிவத்துக்கு ஏராளமாக ஆன்டிபாடிகளை, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதங்களை, தயாரித்தது. அவை வைரஸோடு ஒட்டும், ஆனால் தடுக்காது. விபரீதத்துக்குக் காரணம் இது ஒன்று மட்டுமல்ல, நோயெதிர்ப்பு தவறான பாதையில் தூண்டப்பட்டதும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் வேர் இங்கே இருக்கிறது.

2013இல் ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் க்வாங், பார்னி கிரஹாம் ஆகியோர் அடங்கிய குழு, விசை ஏறிய நிலையிலேயே எஃப் புரதத்தைப் பிடித்துப் படமெடுத்தது. டி25 என்ற ஓர் ஆன்டிபாடி அதை விடுபடாமல் கவ்விக்கொண்டிருந்ததால் இது சாத்தியமானது. அந்த ஆன்டிபாடி உட்கார்ந்திருந்தது புரதத்தின் உச்சியில். உருமாறிய பிறகு அப்படி ஓர் உச்சியே இருப்பதில்லை, அந்தப் பகுதி முழுக்கக் கலைந்து வேறு மாதிரி மடிந்துவிடுகிறது. வைரஸை வலுவாக முடக்கும் ஆன்டிபாடிகள் பலவும் குறிவைப்பது இந்த இடத்தைத்தான். குழு அதே ஆண்டிலேயே புரதத்தில் சில அமினோ அமிலங்களை மாற்றி, இரண்டு பகுதிகளைக் கந்தகப் பிணைப்பால் கட்டி, உள்ளே காலியாக இருந்த இடங்களை அடைத்து, விசை விடுபடாதபடி பூட்டியது. பத்து வருடம் கழித்து, 2023இல், முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்குமான ஆர்எஸ்வி தடுப்பூசிகள் அனுமதி பெற்றன.

கொரோனா தடுப்பூசி அத்தனை வேகமாக வந்ததற்கும் இந்த அனுபவம் ஒரு காரணம். கொரோனா குடும்பத்தின் இன்னொரு வைரஸான மெர்ஸின் ஸ்பைக் புரதத்தில் (செல்லுக்குள் நுழைய உதவும் வெளிப்புரதம் அது) இரண்டு இடங்களில் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தை வைத்தால் அது உருமாறாமல் நிற்கும் என்று 2017லேயே காட்டியிருந்தார்கள். 2020 ஜனவரியில் புதிய வைரஸின் மரபணு வரிசை வெளியானதும் அதே திருத்தத்தை அதன் ஸ்பைக்கில் 986, 987ஆம் இடங்களில் செய்தார்கள். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருப்பது இந்தத் திருத்தப்பட்ட ஸ்பைக்கைச் செய்ய நம் செல்லுக்குக் குறிப்பு தரும் எம்ஆர்என்ஏ. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியில் இந்தத் திருத்தம் கிடையாது, அதுவும் உயிர்களைக் காத்தது. அதனால் எல்லாப் பெருமையையும் இரண்டு புரோலின்களுக்கே தூக்கிக் கொடுக்க நான் தயாரில்லை.

இப்போது எச்ஐவி. அதன் வெளிப்புரதத்தையும் இதே போலப் பூட்டி, 2013லேயே விரிவான கட்டமைப்பைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து கிடக்கின்றன. அவை நம் செல்லே ஒட்டிவிட்ட சர்க்கரைகள், அதனால் நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றை நம்முடையது என்று விட்டுவிடுகிறது. சர்க்கரை மூடாத பகுதிகளோ ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. பல ரகங்களையும் முடக்கும் ஆன்டிபாடிகள் தொற்றுள்ள சிலரின் உடலில் உருவாகத்தான் செய்கின்றன, ஆனால் அவை பக்குவப்பட வருடக்கணக்கில் ஆகிறது. போதாததற்கு, வைரஸ் தன் மரபணுவை நம் டிஎன்ஏவிலேயே கோத்துவிடுவதால் தாமதமாக வரும் எதிர்ப்பு உதவாது. இலக்கு எது என்று தெரியும், அதை அடிக்கும் ஆன்டிபாடியை உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும் வழிதான் இன்னும் பிடிபடவில்லை. நான் சொன்ன மீதிப் பாதி அதுதான்.

உங்கள் அப்பாவின் பரிசோதனை பொய் சொல்லவில்லை. ஆர்டி-பிசிஆர் தேடுவது வைரஸின் ஆர்என்ஏவில் ஒரு சிறு துண்டை. அந்தத் துண்டு முழு வைரஸுக்குள் இருக்கிறதா, செத்த செல்லின் மிச்சத்தில் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்தத் துண்டைச் சுற்றுச் சுற்றாக நகலெடுக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாவதால் 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடிக்கும் மேல் பெருகிவிடும். அதனால்தான் அத்தனை நுட்பம், அதனால்தான் குணமான பிறகும் பாசிட்டிவ். ரிப்போர்ட்டில் சிடி என்று ஓர் எண் இருந்தால் அது எத்தனையாவது சுற்றில் பிடிபட்டது என்பதைச் சொல்கிறது. எண் கூடக்கூட ஆர்என்ஏ குறைவு என்று அர்த்தம், கிட்டத்தட்ட 3.3 சுற்றுக்குப் பத்து மடங்கு. மாதிரி எடுத்த விதத்தாலும் இந்த எண் மாறும் என்பதால் அதை வைத்து ரொம்பவும் கணக்குப் போடக் கூடாது. தொற்றவைக்கும் திறனுள்ள வைரஸ் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மாதிரியைச் செல்களின்மேல் விட்டு, செல்கள் சாகின்றனவா என்று நாள்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். 1952இல் ரெனாட்டோ டல்பெக்கோ விலங்கு வைரஸ்களுக்கு வகுத்துக் கொடுத்த முறை இன்றும் அதன் அடிப்படை. நோயாளியைக் காக்க வைத்து இதைச் செய்ய முடியாது.

அந்தப் பரிசோதனையின் பெயரில் இருக்கும் “ஆர்டி” உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி அது. 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தது, அதுவும் வைரஸ்களில். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுவது எலிகளுக்கு ரத்தப்புற்று உண்டாக்கும் ஒரு வைரஸின் நொதி. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கான ஆர்என்ஏவை எழுதித் தருவது பாக்டீரியாவைத் தாக்கும் டி7 என்ற வைரஸின் நொதி. வெட்டிய டிஎன்ஏ துண்டுகளை ஒட்டுவதற்கு டி4 வைரஸின் நொதி. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் அடாலிமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து, ஆன்டிபாடித் துண்டுகளை, ஃபேஜ் எனப்படும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல் ஒட்டவைத்துச் சலித்தெடுக்கும் முறையில் உருவானது. ஜார்ஜ் ஸ்மித்தும் கிரெகரி வின்டரும் 2018இல் நோபல் பெற்றது இந்த முறைக்காக. புழக்கம் என்றால் இதைவிடப் பெரிய புழக்கம் இருக்க முடியாது.

வைரஸையே மருந்துவண்டியாக்குவது இன்னும் இளம் துறை. பரம்பரைப் பார்வையிழப்பு ஒன்றுக்கு ஏஏவி என்ற சிறு வைரஸின் கூட்டில் சரியான மரபணுவை ஏற்றி விழித்திரைக்கடியில் செலுத்தும் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தக் கூட்டுக்குள் கிட்டத்தட்ட 4,700 எழுத்துகளுக்கு மேல் அடங்காது, பெரிய மரபணுக்களுக்கு இடமில்லை. ரத்தத்தில் செலுத்தினால் உடல் அந்தக் கூட்டுக்கே எதிர்ப்பை உருவாக்கிவிடும், இரண்டாவது முறை கொடுப்பது கடினம்.

வகுப்புக்கு ஒரு யோசனை. புரதத் தரவு வங்கி என்ற இணையக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசம். ஆர்எஸ்வியின் எஃப் புரதத்துக்கு அதில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டி, முதலாவதில் உச்சியில் இருக்கும் பகுதி இரண்டாவதில் எங்கே போயிற்று என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். தேடிவிட்டு அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள்.