99 ரூபாய் காம்போவும் எண்ணெய் பரோட்டாவும்

"உள்ளூர்க் கடைகளை விட்டு நகராத ஒரு சின்ன ஊரில், குறைந்த விலை செயின் உணவகத்தின் பிரான்சைஸ் எடுத்தால் ஓடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2022-இல் இதே கேள்வியை என் மச்சானிடம் கேட்டேன். "ஓடாது மாப்ள" என்றார். கேட்கவில்லை. விருதுநகரில் கடை போட்டேன், இரண்டு வருடம் நடத்தினேன், மூடினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பொரித்த கோழி, பர்கர், கூல்டிரிங்க்ஸ் மூன்றும் சேர்ந்து 99 ரூபாய் என்று விளம்பரம் செய்யும் ஒரு செயின்.

விருதுநகர் தெரியாதவர்களுக்காக: பருப்பு, எண்ணெய், வத்தல் என்று வியாபாரத்தால் வளர்ந்த ஊர். சாயங்காலம் ஆனால் பரோட்டா. மற்ற ஊர்களில் கல்லில் போட்டு எடுப்பதை இங்கே எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள், மொறுமொறுவென்று இருக்கும். இலையில் பிய்த்துப் போட்டால் சப்ளையர் வந்து சால்னாவை ஊற்றுவார். ஊறினதும் இன்னொரு தரம் ஊற்றுவார். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. பரோட்டா ஒரு சாக்குதான், ஊர் சாப்பிடுவது சால்னாவை என்பது என் கட்சி.

கடை திறந்த முதல் வாரம். மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பேரனோடு வந்தார். ஒரு காம்போ சொல்லி, நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டுத் திரும்பினார். பில்லில் 103.95. மிஷின் அதை 104 ஆக்கியிருந்தது. கவுன்டர் பையன் கூப்பிட்டு, "சார், இன்னும் நாலு ரூபா" என்றான். "போர்டுல தொண்ணூத்தொம்பதுன்னுதானப்பா போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையைத் துழாவிச் சில்லறை கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து கோழியைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "தம்பி, இதுக்குக் கொழம்பு ஒண்ணும் ஊத்த மாட்டீங்களா?" நான் சாஸ் பாக்கெட் இரண்டு கொடுத்தேன். ஒரு காம்போவுக்கு இரண்டுதான், கம்பெனி உத்தரவு. அவர் ஒன்றைப் பல்லால் கடித்துப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, மற்றதைப் பேரன் பையில் போட்டார். அடுத்த வாரம் பேரன் மட்டும் வந்தான்.

அந்த நாலு ரூபாய்க்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. என் கடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 நவம்பரில் உணவகங்களுக்கு இந்த விகிதம் வந்தபோதே உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்காக நாம் வாங்குவதற்குக் கட்டிய வரியை, கழித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். கம்பெனி பெயரில் கடை நடத்த நான் கட்டிய ராயல்டி விற்பனையில் 6 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, நூறு ரூபாய்க்கு விற்றால் 7 ரூபாய் 8 காசு முதலிலேயே போய்விடும். வாடகைக்கும் 18 சதவீதம். எதையும் எங்கேயும் கழிக்க முடியாது. எதிர்ப் பக்கத்துப் பரோட்டா கடை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தது. வருட விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. அவர்களும் 5 சதவீதம் கட்டுவார்கள்தான், ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. அதனால் அங்கே போர்டில் இருப்பதுதான் விலை. கட்டடம் சொந்தம், கல்லாவில் முதலாளி, மசாலா அவர் வீட்டில் அரைத்து வருகிறது. எனக்கோ கோழிகூட உறைய வைத்து வேனில் வர வேண்டும், உள்ளூரில் வாங்கக் கூடாது. "பட்ஜெட்" என்பது மால்களில் இருக்கும் மற்ற செயின்களோடு வைத்துப் பார்த்துச் சொன்ன வார்த்தை. எங்கள் தெருவில் நான்தான் விலை கூடின கடை.

அப்புறம் கணக்கு நோட்டு. லோடுமேன், கடைப் பையன்கள் எல்லாம் பரோட்டா கடையில் வாரம் முழுக்க எழுதி வைத்துச் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் தீர்ப்பார்கள். என் பில்லிங் மிஷினில் அதற்குப் பட்டன் இல்லை. ருசிப் பழக்கத்துக்காகத்தான் உள்ளூர்க் கடையை விடமாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் இந்த நோட்டுதான்.

காலண்டரும் உதைத்தது. புரட்டாசி கம்பெனிக்குத் தெரியும். பங்குனிப் பொங்கல் தெரியாது. மாரியம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் எங்கள் பக்கம் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். அந்த வாரம் பார்த்து "பக்கெட் சிக்கன் ஆஃபர்" பேனர் அனுப்பினார்கள். கட்டவே இல்லை, சுருட்டி வைத்துவிட்டேன்.

சரி, ஓடவே இல்லையா என்றால், ஓடியது, நான் நினைக்காத நேரத்தில். மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை, பரோட்டா கடை அடுப்பு பற்ற வைக்காத நேரம், காலேஜ் பெண்கள் நாலைந்து பேராக வருவார்கள். ஏசி, சுத்தமான கழிவறை, "எந்திரிங்க, ஆள் நிக்குது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு காம்போ வாங்கி ஐந்து பேர் இரண்டு மணி நேரம். பிறந்தநாள் கேக்கும் அவர்களே கொண்டுவருவார்கள். மேற்பார்வைக்கு வந்த கம்பெனி ஆள் "டேபிள் காலியாகவே மாட்டேங்குதே" என்று குறைப்பட்டார். அந்த டேபிளைத்தான் அந்தப் பெண்கள் விலைக்கு வாங்கினார்கள், கோழியை அல்ல. அதற்கு ஏற்ற விலைப்பட்டியல் போட கம்பெனி விடவில்லை.

டெலிவரியில் பிடித்துவிடலாம் என்றும் ஒரு நப்பாசை இருந்தது. இத்தாலியில் டொமினோஸ் 2015-இல் மிலானில் இதே நம்பிக்கையோடுதான் கடை திறந்தது. கொரோனா காலத்தில் உள்ளூர் பீட்சாக் கடைகள் எல்லாம் ஆப்களில் ஏறிவிட்டன, 2022-இல் டொமினோஸ் மூட்டை கட்டியது. எங்கள் ஊரிலும் அதே கதை. சால்னா கவரில் கட்டி வீட்டு வாசலுக்கே வரும்போது என் பர்கரை யார் தேடுவார்?

உங்கள் ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. போடுவதாகவே இருந்தால் பஜாருக்குள் போடாதீர்கள். எங்களுக்கு மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை மாதிரி பைபாஸ் இருந்தால் அங்கே போங்கள். காரில் போகிறவருக்கு எந்தப் பரோட்டா கடை நல்ல கடை என்று தெரியாது, தெரிந்த போர்டைப் பார்த்துத்தான் நிறுத்துவார். கையெழுத்துப் போடுமுன், கோழியை உள்ளூரில் வாங்கலாமா, கடை நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பித்தான் நான் போனேன்.

மூடியபோது பொரிக்கும் மிஷினை வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுத்தேன். வாங்கியது எதிர்ப் பக்கத்துப் பரோட்டா கடை அண்ணாச்சி. இப்போது அதில் சிக்கன் 65 போடுகிறார். போன மாதம் சாப்பிடப் போனபோது, இரண்டாம் தரம் சால்னா ஊற்றிக்கொண்டே, "எண்ணெய்ச் சூடு தானா நின்னுக்கிடுது தம்பி, நல்ல சாமான். இத வச்சுக்கிட்டா நட்டமானீங்க?" என்றார்.