குடம் தூக்குனாலே முதுகெலும்பு ஒடையுமா? வயசும் எலும்பும் பத்தி கேட்டவங்களுக்கு

எலும்பு வார்டுல 26 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன், இப்ப மண்டபத்துல இருக்கேன். கேட்டவங்களுக்கு எல்லாம் ஒண்ணா எழுதுறேன்.

பாம்பன் தம்பி: அக்கா, அம்மாவுக்கு 64. லாரித்தண்ணி குடத்தைத் தூக்குறப்ப முதுகுல சுரீர்னுச்சாம். சுளுக்குன்னு எண்ணெ தேச்சு 2 மாசமாச்சு, வலி போகல. விழாமயே எலும்பு ஒடையுமா?

ஒடையும் தம்பி. முதுகெலும்புக்கு உள்ள கல்லு மாதிரி இருக்காது, மெல்லிசு மெல்லிசா வலை பின்னுனாப்ல இருக்கும், வயசாக ஆக அதுல குறுக்க ஓடுற இழை முதல்ல அறுந்துரும், நெடுக நிக்கிறது மட்டும் துணையில்லாம நிக்கும், அப்ப குனிஞ்சு ஒரு குடம் தூக்குன பாரமே போதும், முன்பக்கம் நசுங்கிரும். அம்மா சேலை கட்டுறப்ப முன்னாடி இல்லாம இப்ப கரை தரையில இழுபடுதான்னு பாருங்க. இழுபட்டா உயரம் கொறஞ்சிருக்கு. தேய்க்கிறதை நிறுத்திட்டு எக்ஸ்ரே எடுங்க.

கீழக்கரை தங்கச்சி: உம்மாவுக்குத்தான் இந்த எலும்பு கரையுற பிரச்சனை, வாப்பாவுக்கு இல்லையே ஏன் லாத்தா?

எலும்புல பழசை அரிக்கிற செல்லும் இருக்கு, புதுசு பூசுற செல்லும் இருக்கு. 30 வயசு வாக்குல எலும்பு உச்சத்துல இருக்கும், அப்புறம் அரிப்பு மெல்ல முந்தும். பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நின்னதும் எலும்பைக் காக்குற ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ரொம்பக் கொறஞ்சிரும், அடுத்த 5-7 வருஷத்துல 20 சதவீதம் வரைக்கும் கூட கரையலாம். வாப்பாவுக்கு மெதுவா வரும், வராம இருக்காது. மூட்டுவலிக்குன்னு யாராச்சும் குடுக்குற பேர் தெரியாத பொடி சாப்பிட்டா சீக்கிரமே வரும், சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஏர்வாடி அண்ணன்: நெத்திலிக் கருவாடு?

முள்ளோட தின்னா நல்ல கால்சியம். பிரஷர் இருந்தா உப்பு பாத்துக்கங்கண்ணே.

சின்னப்பாலம் அக்கா: பாசி எடுக்க நாளெல்லாம் கடல்ல முங்குறேன், எனக்கு எலும்பு கெட்டியாத்தானே இருக்கும்?

தசை கெட்டிதான்க்கா, ஆனா தண்ணி உங்க பாரத்தைத் தாங்கிக்குது, எலும்புக்குப் பாரம் விழுந்தாத்தான் அது கெட்டிப்படும். விண்வெளிக்குப் போறவங்களுக்கு இடுப்பெலும்பு மாசம் 1 சதவீதத்துக்கு மேலயே கரையுது, அங்க பாரமே இல்லையில்ல. கரையில பாசிச் சாக்கைச் சுமந்து நடக்குறீங்க பாருங்க, எலும்புக்கு வேலை அதுதான்.

தொண்டி தம்பி: அப்பா 78, ராத்திரி பாத்ரூம் போறப்ப வழுக்கிட்டாரு. எந்திரிக்க முடியல, ஒரு கால் குட்டையா வெளிப்பக்கம் திரும்பிக் கெடக்கு. வைத்தியர்கிட்ட கட்டுப்போடலாமா?

வேணாம் தம்பி, கேக்குறதைப் பாத்தா இடுப்புதான் போயிருக்கு. காலை இழுத்து நேராக்காதீங்க, அப்படியே அசையாம 108க்கு சொல்லுங்க. முடிஞ்சா 2 நாளுக்குள்ள ஆபரேஷன் ஆகணும். எங்க மாமியாரை நாங்களே கட்டுப்போட்டு 9 நாள் கெடத்திட்டோம், நர்ஸ் வீட்டுலயே இந்த லட்சணம், படுக்கைப்புண்ணு வந்து நெஞ்சுல சளியும் கட்டிருச்சு. அப்பாவை முதல்ல ஏத்துங்க, பாத்ரூம் வாசல்ல வழுக்குற சாக்கு மிதியடி கெடந்தா அதை அப்புறம் வந்து எடுத்துக்கலாம்.