‘எஸ்டிமேட்’ சீட்டில் வாங்கிய கேம் கன்சோல்: எல்லை தாண்டிய கடை மீது எங்கே வழக்குப் போடுவது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை பக்கத்து ஊர் எங்களுடையது. கல்லூரியில் படிக்கும் என் மகனுக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் கையடக்க கேம் கன்சோல் வாங்கினேன். விண்டோஸில் ஓடும் வகை, விலை 58,000 ரூபாய். அவனுடைய பழைய கன்சோலை எக்ஸ்சேஞ்சில் 11,000-க்கு எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த 512 ஜிபி எஸ்எஸ்டியை (கேம்களைச் சேமிக்கும் பாகம்) 1 டிபியாக மாற்றித் தர 6,500 கேட்டார்கள். ஆக மொத்தம் 53,500 ரூபாயை என் கணக்கிலிருந்து யுபிஐயில் அனுப்பினேன். கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டு. அதில் பேனாவால் ‘1 வருஷம் வாரண்டி’ என்று எழுதியிருக்கிறார்கள். 19-ஆம் நாள், இடது ஸ்டிக் (விரலால் நகர்த்தும் குமிழ்) தொடாமலே நகர ஆரம்பித்தது. விளையாடும்போது திடீரென்று அணைந்தும் போகிறது. மறுநாளே கடைக்கு வாட்ஸ்அப் செய்தேன். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். சென்டரில், ‘இது வெளிநாட்டு சீரியல் நம்பர், மேலும் ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரோ சீட்டின் அடியில் இருக்கும் ‘விற்ற சாதனங்ஙள் திரிச்செடுக்குன்னதல்ல’ (விற்றதைத் திரும்ப எடுக்கமாட்டோம்) என்ற மலையாள வரியைக் காட்டுகிறார். அதற்கும் கீழே, வழக்கு எதுவானாலும் திருவனந்தபுரத்தில்தான் என்று அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சர்வீஸ் சென்டர் கைவிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கடைக்கு எதிராக உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சான்று அந்த மறுப்புதான். ஒரு வருட வாரண்டி என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியவர் கடைக்காரர். அந்த வாரண்டி இந்தியாவில் செல்லாது என்பதைத் தயாரிப்பாளரின் சொந்த சென்டரே சொல்லிவிட்டது. ஆகவே கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடையைப் பிடியுங்கள்.

ஆனால் ‘சொன்னார்கள்’ என்பது போதாது, தாளில் வேண்டும். திரும்பவும் சென்டருக்குப் போய் ஜாப் ஷீட் (சாதனத்தைப் பார்த்து சென்டர் எழுதித் தரும் சீட்டு) கேளுங்கள். மாடல், சீரியல் எண், இந்த சீரியலுக்கு இந்திய வாரண்டி இல்லை என்ற குறிப்பு, திறக்கப்பட்ட அடையாளம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால், சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு ‘இந்தச் சாதனத்துக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா?’ என்று ஒரே வரி எழுதுங்கள். வரும் பதிலும் அதே வேலையைச் செய்யும்.

இந்தக் கன்சோல் எந்த வழியாக வந்தது என்பதை அட்டைப் பெட்டியே சொல்லும். நின்டெண்டோ தன் ஸ்விட்ச் வகைகளையோ, வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக்கையோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கடைகளில் கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து தனியாரால் கொண்டுவரப்பட்டவை. அசூஸ் ராக் ஆலை போன்றவை 2023 முதல் இங்கே முறையாக விற்பனைக்கு வந்தன. ஆனால் முறையாக விற்கும் கம்பெனியின் மாடலிலும் துபாய், சிங்கப்பூர் சரக்கு கலந்து வருவதுண்டு. உங்களுடையது இந்த இரண்டாம் வகை என்று தெரிகிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, இறக்குமதிப் பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் எண் இருந்தாக வேண்டும். அதோடு சாதனத்திலோ அடாப்டரிலோ பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள்; பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பெட்டியின் ஆறு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். வாங்கிய உங்கள் மீது இதில் குற்றம் எதுவும் இல்லை. இந்திய வாரண்டி இல்லாத சரக்கு என்பதை மறைத்து விற்றதுதான் குற்றச்சாட்டு.

அடுத்தது கவனமாகப் பிரிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. ஸ்டிக் தானாக நகர்வது, அதாவது டிரிஃப்ட், ஸ்டிக்குக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (ஸ்டிக்கின் அசைவை அளக்கும் பாகம்) தடம் தேய்வதாலோ அதில் தூசி சேர்வதாலோ வருவது. எஸ்எஸ்டி மாற்றியதற்கும் அதற்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை. 19 நாளில் வந்தால் அது பொருளின் குறைபாடு, அல்லது ஏற்கெனவே பயன்படுத்திய சாதனம். திடீரென்று அணைவதோ வேறு கதை. எஸ்எஸ்டி மாற்றும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வேலை செய்வது, திரும்பச் சரியாக அமுக்காமல் விடுவது, வெப்பத் தகட்டை வைக்க மறப்பது, 2230 அளவு எஸ்எஸ்டி போக வேண்டிய இடத்தில் அடாப்டர் வைத்து 2280 என்ற நீளமான வகையைத் திணிப்பது, இவற்றில் எது நடந்தாலும் இப்படி ஆகலாம். புகார்மனுவில் முதலாவதைப் ‘பொருளின் குறைபாடு’ என்றும், இரண்டாவதைப் ‘பொருளின் குறைபாடு அல்லது எஸ்எஸ்டி மாற்றிய சேவையின் குறைபாடு’ என்றும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், ‘திறந்ததால் கெட்டது’ என்ற ஒரே வாதத்தில் எதிர்தரப்பு எல்லாவற்றையும் தள்ளிவிடும். பிரித்து எழுதினால், திறந்தவர்களே அவர்கள்தான் என்பதால் அந்த வாதம் அவர்கள் கழுத்தையே இறுக்கும். ஆனால் 6,500 வாங்கி அவர்கள்தான் திறந்தார்கள் என்பதற்குச் சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே, ‘நீங்கள் மாற்றிய 1 டிபி எஸ்எஸ்டி என்ன கம்பெனி? கழற்றிய 512 ஜிபி எங்கே?’ என்று இயல்பாக ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தால் ஒப்புதல் ஆயிற்று. கழற்றிய எஸ்எஸ்டியும் உங்கள் சொத்துதான். திருப்பித் தராவிட்டால் அதன் விலையையும் மனுவில் சேர்க்கலாம்.

சாதனத்தை நீங்களோ தெரிந்த மொபைல் கடைக்காரரோ திறக்காதீர்கள். வெளியிலிருந்தே மூன்று சான்றுகள் எடுக்கலாம். விண்டோஸ் ரன் பெட்டியில் ‘ஜாய் டாட் சிபிஎல்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கம் திறக்கும். கன்சோலை மேசையில் வைத்துவிட்டுக் கை எடுத்த நிலையில், பின்பக்கத்தில் சீரியல் எண் ஒட்டிய இடத்திலிருந்து தொடங்கி, திரையில் குறி நகர்வது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து ‘கெர்னல் பவர் 41’ என்பதைத் தேடினால், முறையாக ஷட் டவுன் ஆகாமல் அணைந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரத்தோடு இருக்கும். மூன்றாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள்; எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை அது காட்டும். 19 நாள் இடைவிடாமல் ஓடினாலும் 456 மணி நேரம்தான் ஆகும். அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தால், புதியது என்று பழையதைப் போட்டிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: கன்சோலின் பின்புறம் உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். படம் எடுத்துவிட்டு அணைத்து வையுங்கள்.

சீட்டு விஷயம். ‘எஸ்டிமேட்’ என்பது பில் அல்ல. பில் கொடுக்காமல் விற்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே பில் இல்லாதது உங்கள் பலவீனம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். சீட்டு, யுபிஐ பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றும் சேர்ந்தால் விற்பனை நிரூபணமாகிவிடும். பணம் போன கணக்கு கடையின் பெயரிலா, வேலை செய்பவர் பெயரிலா என்று பாருங்கள். தனிநபர் பெயரில் இருந்தால், அது கடையின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பியது என்பதை மனுவில் குறிப்பிடுங்கள். உரிமையாளர் யார் என்று தெரியவில்லையா? ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை தன் எண்ணைப் பெயர்ப்பலகையில் காட்ட வேண்டும். கேரள எண் 32 என்றும் நம்மூர் எண் 33 என்றும் தொடங்கும். அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் சட்டப்படியான பெயரும் முகவரியும் வரும்.

‘விற்றதைத் திரும்ப எடுக்கமாட்டோம்’ என்ற வரி, மனம் மாறித் திருப்பிக் கொடுக்க வருபவரிடம் செல்லலாம். குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. அதே பிரிவு 2(47), குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறையில் சேர்க்கிறது. 20-ஆம் நாளே வாட்ஸ்அப்பில் சொன்னது உங்களைக் காப்பாற்றியது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ‘மறையும் செய்திகள்’ வசதி ஆன் ஆகியிருந்தால் உடனே அணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் சேமித்த பெயர் மட்டும் அல்லாமல் எண்ணும் தெரிய வேண்டும். அதோடு, மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 2023-இன் பிரிவு 63 சான்றிதழையும் இணைத்துவிட்டால் பிறகு ஆட்சேபணைக்கு இடமிருக்காது.

இனி எங்கே போடுவது என்ற கேள்வி. களியக்காவிளையிலிருந்து பார்த்தால் நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் கிட்டே. ஆனாலும் நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடுங்கள் என்பேன். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34(2)(டி) உரிமை கொடுக்கிறது. 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இது கிடையாது. சீட்டில் ஒருதலையாக அச்சடித்த திருவனந்தபுரம் வரி, சட்டம் கொடுத்த இந்த உரிமையைப் பறித்துவிடாது. நாகர்கோவிலில் தமிழிலேயே மனுப் போடலாம். மலையாள வரிகளுக்கு மட்டும் மொழிபெயர்ப்பை இணையுங்கள். இங்கே வசிப்பதற்கு ஆதார் அல்லது குடும்ப அட்டை போதும். மகன் பயன்படுத்தினாலும் பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதால் மனுதாரர் நீங்களே.

கோரும் தொகையில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: யுபிஐயில் போன பணத்தை மட்டும் கேட்பது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய கன்சோலும் விலையின் ஒரு பகுதியே. ஆகவே 53,500 அல்ல, 58,000-உம் 6,500-உம் சேர்த்து 64,500 ரூபாய், வட்டியோடு. அந்த 11,000 சீட்டில் எழுதப்படவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் இப்போது உறுதி செய்துகொள்ளுங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டு மனுவின் மதிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். 10,000 முதல் 20,000 வரை, அதோடு செலவுத் தொகை என்பது நியாயமாகத் தெரியும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை.

தயாரிப்பாளரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஜாப் ஷீட்டோ மின்னஞ்சலோ கையில் இருந்தால் தேவையில்லை. பெரிய கம்பெனி உள்ளே வந்தால் வாய்தாதான் கூடும். ஆணையம் கேட்டால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் கடைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, அதன் படம் வாட்ஸ்அப்பில் ஒன்று. கூடவே 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் தமிழில் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். வராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ நேரிலோ மனு. பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியல், சீட்டு, வங்கி அறிக்கை, ஜாப் ஷீட், படங்கள், பென் டிரைவில் வீடியோ. காலவரம்பு 2 ஆண்டு, ஆனால் அவ்வளவு காத்திருந்தால் ஸ்டிக் தேய்ந்தது பயன்பாட்டால் என்று சொல்லிவிடுவார்கள். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் கடை பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத குறைபாடு என்றால், பிரிவு 38(2)(சி)-யின்படி சாதனத்தை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடும். சாதனத்தைத் திறக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். சட்டம் 3 மாதம், ஆய்வு இருந்தால் 5 மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும்.

‘கேரளாக் கடை, தீர்ப்பு வந்தாலும் தரமாட்டான்’ என்று எல்லையோர ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72-இன்படி 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட்டுக்கு மாநில எல்லை தடையில்லை.

இடையில் கடைக்காரர் சமரசத்துக்கு வந்தால், ‘வேறு பீஸ் தருகிறேன்’ என்பதை ஏற்கும் முன் அந்தப் பீஸின் சீரியல் எண்ணை வாங்கி, இந்திய வாரண்டி இருக்கிறதா என்று சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘சரி பண்ணித் தருகிறேன், கொண்டு வாருங்கள்’ என்றால், சீரியல் எண்ணும் இரண்டு கோளாறுகளும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் சாதனத்தைக் கொடுக்காதீர்கள். பணம் திரும்பத் தருவதாக இருந்தால், 64,500 ரூபாயும் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே கன்சோலையும் பெட்டியையும் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் முன் மகனின் கேம் கணக்குகளிலிருந்து வெளியேறி, விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.