ராமென் சீன உணவா, ஜப்பானிய உணவா? உலகம் முழுக்க எப்படிப் பரவியது?

வேர் சீனாவில், வளர்ந்தது ஜப்பானில். யோகோஹாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்கள் விற்ற நூடுல்ஸ் சூப்தான் ஆரம்பம். 1910-இல் டோக்கியோவின் அசகுசாவில் திறந்த ராய்ராய்கென் கடை அதைப் பிரபலமாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியதும் ராமென் கடைகள் பெருகின.

ராமெனை உலகம் சுற்ற வைத்தவர், இன்ஸ்டன்ட் நூடுல்ஸைக் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோ. 1958-இல் அவர் பிடித்த வழி எளிதுதான்: வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தார். ஈரம் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகள். வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகளில் நீர் புகுந்து, சில நிமிடங்களில் பழையபடி மென்மையாகிவிடும். 1971-இல் கப் நூடுல்ஸ் வந்தது, அப்புறம் கிண்ணமும் தேவைப்படவில்லை. ஆனால் மணிக்கணக்கில் எலும்பைக் கொதிக்கவிடும் கடைச் சூப்பின் ருசி பாக்கெட்டில் வராது என்பது என் கட்சி.