அரசர் போய்விட்டார், பட்டம் போகவில்லை

கேள்வி: இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு ஒயினை 'ஒயின்களின் அரசன்' என்கிறார்கள். மிலானில் நான் குடித்த பரோலோ வெளிறிப்போய், ஓரத்தில் செங்கல் நிறமாக இருந்தது. நாக்கையும் பிடித்து இழுத்தது. அதைத் தயாரிக்கும் நெப்பியோலோ திராட்சையின் இயல்பே இதுதானா, என்னை ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: முதலில் அந்த 'அரசன்' பட்டத்தைக் கவனித்துவிடுவோம். பட்டங்கள் எனக்கு ஆகாத சங்கதி என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பரோலோவுக்கு அரச வாசனை ஏற்றியது சவோய் என்ற அரச குடும்பம். மன்னர் கார்லோ அல்பெர்த்தோ வெர்டூனோவில் கோட்டையை வாங்கி அங்கே ஒயின் தயாரிக்கச் செய்தார். அவர் மகன் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே காலத்தில், செர்ராலுங்காவில் உள்ள ஃபொந்தனாஃப்ரெத்தா பண்ணை அவருடைய காதலி ரோசா வெர்செல்லானாவின் பெயருக்குப் போனது. 1946-இல் இத்தாலியர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடியாட்சிக்கே விடைகொடுத்தார்கள். ஒயின் வியாபாரிகள் மட்டும் இன்னும் சாமரம் வீசிக்கொண்டிருக்கிறார்கள். வீசும் கூலியைப் புட்டியின் விலையில் சேர்த்துவிடுகிறார்கள்.

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நெப்பியோலோவுக்கு அரசன் என்பதைவிட அடங்காப்பிடாரி என்ற பெயர்தான் பொருந்தும். வடமேற்கு இத்தாலியில், பீட்மான்ட் பகுதியின் லாங்கே குன்றுகளில் அது மற்றத் திராட்சைகளுக்கு முந்தித் துளிர்த்து, வசந்தகால உறைபனிக்குத் தலையைக் கொடுக்கும். ஆனால் பழுப்பதோ எல்லாவற்றுக்கும் பிந்தி, பள்ளத்தாக்குகளில் மூடுபனி இறங்கும் அக்டோபரில்தான். கொடியின் அடிக்கணுக்கள் சரியாகக் காய்க்காது என்பதால் கிளையை நீளமாக விட்டே கவாத்து செய்ய வேண்டும். வெயில் நன்றாக விழும் தெற்கு, தென்மேற்குச் சரிவுகளை இதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் பார்பேரா, டொல்செத்தோ என்ற மற்ற திராட்சைகளை நடுகிறார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். இதன் தோலில் உள்ள நிறமிகளில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் வகையே மிகுதி. ஆகவே சில ஆண்டுகளிலேயே சிவப்பு மங்கிச் செங்கல் நிறம் ஏறிவிடும். துவர்ப்பைத் தரும் டானினுக்கோ குறைவே இல்லை. கொட்டைப்பாக்கு மென்றவர்களுக்கு அந்தத் துவர்ப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதோடு புளிப்பும் தூக்கலாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் ரோஜாவும் சாலைக்குப் போடும் தாரும் சேர்ந்து மணக்கும். கறுப்பாகத் தெரிவதே கனமான ஒயின் என்று நம்புகிறவர்களோடு நான் வெகுகாலமாகச் சண்டையிட்டு வருகிறேன். என் கட்சிக்கு நெப்பியோலோவைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்தச் சண்டை பரோலோவிலேயே குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. எலியோ அல்தாரே என்ற ஒயின் தயாரிப்பாளர் 1983-இல் தந்தையின் பழைய பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துவிட்டு, 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களான பாரீக்குகளுக்கு இடம் செய்தார். தந்தை அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். பழைய பெரிய பீப்பாய்களே போதும் என்ற எதிர்முகாமில் இருந்த பார்த்தோலோ மாஸ்கரெல்லோ, அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்துச் சாடி, 'பாரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று கையால் எழுதிய லேபிளைப் புட்டியில் ஒட்டினார். நிலவறைகளைச் சுத்தமாக்கியதில் அல்தாரே போன்ற புதியவர்களுக்குப் பங்குண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ரோஜா மணக்கும் திராட்சையைப் பாரீக்கில் அடைத்து வனிலா மணக்க வைத்ததற்கு என்னிடம் மன்னிப்பில்லை. இப்போது பல பண்ணைகள் சத்தமில்லாமல் பெரிய பீப்பாய்களுக்கே திரும்பிவிட்டன.

பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல ஆண்டின் பரோலோவுக்கு அதுவும் போதாது. பத்து ஆண்டு காத்திருந்தால்தான் துவர்ப்பு இறங்கும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் அதைக் கொழுப்புள்ள மாட்டிறைச்சியோடு குடிக்கட்டும். புரதத்தோடு சேரும்போது டானினின் பிடி தளரும். நீங்கள் எந்த ஆண்டுப் புட்டியைத் திறந்தீர்கள், கூடவே என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எழுதவில்லை. வெறும் வயிற்றில் குடித்திருந்தால், உங்கள் புகாரை நான் ஏற்பதற்கில்லை.