சளியா, கோவிடா? கேள்விகளுக்குப் பதில்கள்

கோவிட் வைரஸின் உருமாறிய வகையான ஒமிக்ரான் பரவிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். அதனால் ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நேத்து காலையிலிருந்து மூக்கு ஒழுகுது, தும்மல், தொண்டையில லேசா கரகரப்பு. காய்ச்சல் இல்லை. மூக்கு ஒழுகினா சாதாரண சளி, காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தாத்தான் கோவிட்னு முதல்ல சொன்னாங்களே டாக்டர்?

சொன்னார்கள், 2020-இல். அந்த ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் சுமார் 56 ஆயிரம் நோயாளிகளின் விவரம் இருந்தது. காய்ச்சல் 87.9 சதவீதம் பேருக்கு, வறட்டு இருமல் 67.7 சதவீதம் பேருக்கு, மூக்கடைப்பு வெறும் 4.8 சதவீதம் பேருக்கு. 'மூக்கு ஒழுகினால் பயமில்லை' என்ற பேச்சு பரவியது இப்படிப்பட்ட கணக்குகளால்தான். ஆனால் அன்று பரிசோதனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரளவு மோசமாக இருந்தவர்கள். லேசான சளியோடு வீட்டிலேயே இருந்தவர்கள் கணக்கில் ஏறவே இல்லை.

2021-இல் டெல்டா வகை வந்தபோது தலைவலியும் மூக்கொழுகலும் பட்டியலில் மேலே ஏறின. ஒமிக்ரான் நுரையீரலைவிட மூக்கு, தொண்டைப் பகுதியில் அதிகம் பெருகுகிறது. அதனால் தும்மல், தொண்டை வலி, மூக்கொழுகல் என்று அச்சு அசல் ஜலதோஷம் போலவே வருகிறது. உங்களுக்கு இருக்கும் அறிகுறிகளை மட்டும் வைத்து எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டெஸ்ட் முடிவு தெரியும்வரை கோவிட் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அப்போ அறிகுறியைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாதா? ஃப்ளூவும் இருக்கே.

தனித்தனி அறிகுறி உதவாது. அது வந்த வேகமும் நாள் கணக்கும் கொஞ்சம் உதவும்.

ஜலதோஷம் தொண்டைக் கரகரப்பில் தொடங்கும், மறுநாள் மூக்குக்கு ஏறும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். பிறகு சளி கெட்டியாகி ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அபூர்வம். எரிச்சலாக இருக்குமே தவிர ஆளைப் படுக்கையில் தள்ளாது.

ஃப்ளூ அப்படியில்லை. 'மத்தியானம் வரை நன்றாக இருந்தேன், சாயங்காலம் தூக்கிப் போட்டது' என்று நேரத்தோடு சொல்வார்கள். குளிர் நடுக்கம், அதிகக் காய்ச்சல், முதுகிலும் தொடையிலும் அடித்துப் போட்ட வலி. கோவிட் இந்த இரண்டைப் போலவும் வரும். நான் முக்கியமாகக் கேட்பது அசதியைப் பற்றித்தான்: இருக்கும் சளிக்குப் பொருந்தாத அளவு அசதி இருந்தால் சந்தேகம் கூடும்.

அடுத்தது, யாரோடு எப்போது பழகினீர்கள் என்பது. ஜலதோஷக் கிருமி தொற்றியபின் 1 முதல் 3 நாளில் அறிகுறி காட்டும். ஃப்ளூ 1 முதல் 4 நாள். கோவிட் ஆரம்ப வகைகளில் சராசரியாக 5 நாள், சிலருக்கு 14 நாள் வரை ஆனது. ஒமிக்ரானில் சுமார் 3 நாளாகச் சுருங்கிவிட்டது, அதனால் இந்தக் கணக்கும் முன்பு போலக் கைகொடுப்பதில்லை. ஆனால் மூன்று நாளுக்கு முன் உங்களோடு ஒரே அறையில் இருந்தவருக்குப் பாசிட்டிவ் என்றால், உங்கள் தும்மலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எதுவாக இருந்தாலும், முதல் அறிகுறி தோன்றிய தேதியை இப்போதே எழுதி வையுங்கள். டெஸ்ட், மருந்து, தனிமை, ஆபத்துக் காலம் எல்லாமே அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். அந்த நாள் பூஜ்யம், மறுநாள் ஒன்று.

கேள்வி: எனக்கு வருஷம் முழுக்க அலர்ஜி. தினமும் தும்முறேன். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அரிப்பைக் கவனியுங்கள். கண், மூக்கு, மேல் அண்ணம் அரித்தால் அலர்ஜி பக்கம் சாயும். மூக்குநீர் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், காய்ச்சல் வராது, வழக்கமான அலர்ஜி மாத்திரைக்கு அடங்கும். மாத்திரைக்கு அடங்காத தும்மல், புதிதாகச் சேர்ந்த தொண்டை வலி, உடம்பு வலி இருந்தால் டெஸ்ட்.

கேள்வி: வாசனை தெரியலைன்னா கோவிட்தானே? மூக்கு அடைச்சிருக்கு, தைலம் முகர்ந்தா சுள்ளுன்னு ஏறுது. அப்போ வாசனை இருக்குன்னு அர்த்தமா?

தைலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் 'சுள்' வாசனையே இல்லை. முகத்தின் தொடு உணர்வு நரம்பு அதை உணர்கிறது, மோப்ப நரம்புக்கு அதில் வேலையில்லை. வாசனை முழுதாகப் போனவருக்கும் தைலமும் அம்மோனியாவும் ஏறும்.

காபித்தூளும் குளியல் சோப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, கண்ணை மூடி, வேறொருவர் மாற்றி மாற்றி மூக்கருகே நீட்ட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் காற்று தாராளமாகப் போகிறது, ஆனால் எது காபி எது சோப்பு என்றே தெரியவில்லை என்றால், அது கோவிடுக்கு வலுவான அடையாளம். ஜலதோஷத்தில் முக்கியமாக அடைப்பால்தான் வாசனை மங்கும். அடைப்பு விலகினால் திரும்பும். கோவிடில் மோப்ப நரம்பைத் தாங்கும் துணைச் செல்களை வைரஸ் தாக்குவதால், மூக்கு திறந்திருந்தும் திடீரென்று போகும்.

மறுபக்கத்தை மறக்க வேண்டாம். ஒமிக்ரானில் வாசனை இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. 'வாசனை தெரிகிறது, ஆகவே கோவிட் இல்லை' என்ற கணக்கு இப்போது தப்பு.

கேள்வி: வீட்டுக் கிட்டில் இரண்டு முறை பார்த்தேன், நெகட்டிவ். நம்பி வேலைக்குப் போகலாமா? இன்னொன்று, மனைவிக்கு மிக மெல்லிய கோடு தெரிகிறது, அது பாசிட்டிவா?

மெல்லிய கோடும் பாசிட்டிவ்தான். குறித்த நேரத்துக்குள் 'டி' இடத்தில் நிறத்தோடு கோடு தெரிந்தால் போதும், எவ்வளவு அழுத்தம் என்பது பொருட்டில்லை. கிட் வேலை செய்கிறதா என்று காட்டும் 'சி' கோடு வரவில்லை என்றால் அந்தக் கிட் செல்லாது, மற்றொன்று எடுங்கள்.

உங்கள் நெகட்டிவுக்கு வருவோம். இரண்டு முறையும் ஒரே நாளில் பார்த்திருந்தால் அது ஒரு முறைக்குச் சமம். ரேபிட் ஆன்டிஜென் கிட் வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. அது நிறைய இருந்தால்தான் கோடு விழும். தடுப்பூசி போட்டவர்களுக்கும், ஒருமுறை வந்து போனவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் விழித்துக்கொள்வதால், வைரஸ் பெருகி முடிப்பதற்குள்ளேயே தொண்டை வலி வந்துவிடுகிறது. ஆகவே முதல் நாள் நெகட்டிவை நம்பாதீர்கள். 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அறிகுறி இருப்பவருக்கு இப்படி இரண்டு நெகட்டிவ், அறிகுறி இல்லாமல் தொடர்பு மட்டும் இருப்பவருக்கு 48 மணி இடைவெளியில் மூன்று நெகட்டிவ் வந்தால்தான் ஓரளவு நம்பலாம்.

எடுக்கும் விதத்திலும் நிறையத் தவறு நடக்கிறது. ஸ்வாப் என்ற பஞ்சுக் குச்சியை மூக்கு நுனியில் தொட்டு எடுப்பதுதான் முதல் தவறு. மூக்கைச் சிந்திவிட்டு, குச்சியை மேல்நோக்கி இல்லாமல் காதை நோக்கிய திசையில், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, சுவரில் உரசியபடி ஐந்து சுற்று, சுமார் 15 விநாடி. அதே குச்சியால் அடுத்த துளையிலும். பிறகு திரவத்தில் நன்றாகச் சுழற்றி, குழாயின் பக்கங்களை அழுத்திப் பிழிந்து எடுக்க வேண்டும். பிழியாவிட்டால் பாதிச் சரக்கு பஞ்சிலேயே தங்கிவிடும். எத்தனை சொட்டு என்று கிட்டில் போட்டிருக்கிறதோ அத்தனைதான், கூட விட்டால் கோடு நல்லா வரும் என்பதில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். படிக்கும் நேரம் பெரும்பாலும் 15 நிமிடம். கிட்டில் சொன்ன கடைசி நிமிடத்துக்குப் பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துப் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் வயதானவரோ, நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால் கிட்டோடு நிற்காமல் ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆர் டெஸ்டும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிசிஆர் பாசிட்டிவ் வந்து 25 நாளாச்சு. மறுபடி எடுத்தா இன்னும் பாசிட்டிவ். தொற்று போகலையா?

பெரும்பாலும் போயிருக்கும். பிசிஆர் வைரஸின் மரபணுத் துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கிறது. உயிருள்ளதா செத்ததா என்று அதற்குத் தெரியாது. சிலருக்கு 90 நாள் வரைகூடத் துண்டுகள் தெரியும். குணமானதைச் சரிபார்க்கப் பிசிஆர் எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல். டெஸ்ட் எடுத்தா தடுப்பூசியால பாசிட்டிவ் காட்டுமா?

காட்டாது. ஆன்டிஜென், பிசிஆர் இரண்டையும் தடுப்பூசி பாதிக்காது. ஊசிக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதில் மூக்கொழுகலும் இருமலும் வராது. அவை வந்தால் டெஸ்ட் எடுங்கள்.

கேள்வி: சளி பச்சையா மாறிடுச்சு. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பச்சை நிறம் உங்கள் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். சாதாரண வைரஸ் சளியிலும் மூன்று, நான்கு நாளில் அது வரும். பத்து நாள் தாண்டியும் குறையாத சளி, அல்லது கொஞ்சம் தேறி மறுபடி காய்ச்சலோடு முகவலி என்றால் சைனஸில் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோவிடிலும் தேறுவது போலத் தோன்றி ஏழாம் நாளை ஒட்டி மூச்சு வாங்கத் தொடங்கலாம். ஆகவே தேறியபின் மறுபடி மோசமானால், எந்தக் கிருமியானாலும், டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: நாலு வயசுக் குழந்தை, மாசம் ஒரு தடவை சளி. ஒவ்வொரு தடவையும் மூக்குல குச்சி விடணுமா?

இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. தொடர்பு இருந்தால், காய்ச்சல் இருந்தால், வீட்டில் ஆபத்து அதிகமுள்ளவர் இருந்தால் டெஸ்ட் எடுங்கள்.

கவனிக்க வேண்டியது மூச்சு. குழந்தை அழாமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சிறுவர் மூச்சு சீராக இருக்காது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலோ, விலா இடுக்கு உள்ளே இழுத்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி இடைவெளி விட்டு, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். சொட்டு மருந்தும் சிரப்பும் அடர்த்தி வேறு. பாட்டில் மாறினால் அளவும் மாறும், லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்கு ஆகாது.

கோவிட் வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரத்தில் விடாத காய்ச்சலோடு சிவந்த கண், தடிப்பு, வயிற்று வலி வந்தால் 'அதுதான் போயிடுச்சே' என்று விடாதீர்கள். அபூர்வமான, ஆனால் அவசரமான நிலை அது.

கேள்வி: விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் பார்க்கிற ஆக்ஸிமீட்டர் ஒரு தடவை 97, அடுத்த நிமிஷம் 91. எதை நம்புறது?

சீராக நின்ற எண்ணை. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, ஆள்காட்டி அல்லது நடுவிரலில் மாட்டி ஒரு நிமிடமாவது அசையாமல் இருங்கள். திரையில் நாடித்துடிப்பும் வரும். மணிக்கட்டில் எண்ணிய துடிப்போடு அது பொருந்தவில்லை என்றால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

95-உம் அதற்கு மேலும் நல்லது. 93, 94 மறுபடி மறுபடி வந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ் நின்றால் அவசரம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களின் வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம், அவர்களுக்கான எல்லையை அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். அதனால் எண் நன்றாக இருந்தும் ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு வாங்கினால், எண்ணைவிட மூச்சை நம்புங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை தினமும் மூன்று வேளை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள்.

கேள்வி: சீக்கிரம் குணமாக முதல் நாளே ஸ்டீராய்டு எடுக்கச் சொல்றாங்க. எடுக்கலாமா?

கூடாது. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற மருந்து ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம் உயிர் காத்தது, ஆக்ஸிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களுக்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. முதல் நாட்களில் வைரஸோடு உடம்பு போராடும்போது ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத் தணிக்கிறது, சர்க்கரையையும் ஏற்றுகிறது. சாதாரணச் சளிக்கு அதைப் போடுவது இன்னும் வீண்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு, சர்க்கரை உண்டு. லேசான சளிதான், டெஸ்ட் வேண்டாம்ங்கிறார். எதுவா இருந்தாலும் ஓய்வுதானே மருந்து டாக்டர்?

உங்களுக்கு ஓய்வு போதும், அவருக்குப் போதாது. நிர்மாட்ரெல்விர்–ரிட்டோனாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் கிடைக்கும் இடத்தில், அவற்றை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். 'பார்க்கலாம்' என்று நான்கு நாள் விட்டால் அந்த வாய்ப்பு கை நழுவும். இன்றே கிட், நெகட்டிவ் என்றாலும் பிசிஆர். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றை அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டிவரும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அளவைக் குறைக்கவும் நேரும்.

முடிவு வரும்வரை அவருக்குத் தனி அறை, திறந்த ஜன்னல், உள்ளே போகிறவருக்கு மூக்கோடு ஒட்டிப் பதியும் மாஸ்க். பாசிட்டிவ் என்றால் தனிமை எத்தனை நாள் என்பது இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறுகிறது, சில நாடுகள் 2022 வாக்கிலேயே ஐந்து நாளாகக் குறைத்தன. காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்தபின் வெளியே வரட்டும், பத்தாம் நாள் வரை மாஸ்க் போடட்டும்.